வாசகர் கேள்வி – பதில்: சுழலும் தண்டின் அதிர்வை ஓடும்போதே அடக்குதல்

எண்ணெயோ உருளைகளோ இல்லாமல், மின்காந்தங்களால் மட்டுமே தாங்கப்பட்டுச் சுழலும் கம்ப்ரசர்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன: நீண்ட, வளையக்கூடிய தண்டு வேகமாகச் சுழலும்போது ஏன் அதிர்கிறது, அந்த அதிர்வை இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்து அடக்குவது எப்படி? இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியுள்ளோம்.

கேள்வி: அனல்மின் நிலையத்தில் பணியாற்றுகிறேன். டர்பைனை நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு ஏற்றும்போது இடையில் ஒரு வேகத்தில் அதிர்வு கடுமையாக ஏறுகிறது. அதைத் தாண்டியதும் தானாகவே இறங்கிவிடுகிறது. அந்த வேகத்தில் நிற்கக் கூடாது என்று மூத்தவர்கள் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். வேகம் கூடக் கூட அதிர்வும் கூடத்தானே வேண்டும்? (வாசகர், நெய்வேலி)

மூத்தவர்கள் சொல்வது முற்றிலும் சரி. எந்த ரோட்டாரிலும், அதாவது தண்டும் அதோடு சேர்ந்து சுழலும் பாகங்களும் அடங்கிய தொகுதியிலும், எடை, தண்டின் நடுக்கோட்டைச் சுற்றிச் சரிசமமாகப் பரவியிருப்பதில்லை. எவ்வளவு நுட்பமாகக் கடைந்தாலும் எடைமையம் நடுக்கோட்டிலிருந்து சில மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு, விலகியே இருக்கும். டர்பைன்களுக்குப் பொதுவாகக் கேட்கப்படும் ஜி 2.5 என்ற பாலன்சிங் (எடையைச் சமன்செய்யும்) தரமே 3,000 சுற்றில் ஓடும் ரோட்டாருக்கு ஏறத்தாழ 8 மைக்ரான் விலகலை அனுமதிக்கிறது. 1 டன் ரோட்டாரில் இந்த 8 மைக்ரான், 3,000 சுற்றில் ஏறக்குறைய 80 கிலோ எடைக்குச் சமமான விசையாகி, தண்டோடு சேர்ந்து சுழன்றபடி அதை வெளிப்புறமாக இழுக்கிறது. வேகம் இருமடங்கானால் இந்த விசை நான்கு மடங்காகும். ஆகவே விசையைப் பொறுத்தவரை உங்கள் எதிர்பார்ப்பு சரியானதே.

ஆனால் அந்த விசைக்குத் தண்டு எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்பது வேறு கணக்கு. ஒவ்வொரு தண்டுக்கும் தனக்கே உரிய இயல்பான அதிர்வெண் உண்டு. சுழலும் வேகம் அதோடு ஒத்துப்போகும் புள்ளியைத்தான் கிரிட்டிகல் ஸ்பீடு என்கிறோம். கிடைமட்டமாகக் கிடக்கும் தண்டு தன் எடையாலேயே நடுவில் எவ்வளவு தொய்கிறது என்று தெரிந்தால், இந்த வேகத்தை ஏறத்தாழச் சொல்லிவிடலாம். தொய்வு 0.1 மி.மீ. என்றால் கிரிட்டிகல் ஸ்பீடு சுமார் 3,000 சுற்று, 0.4 மி.மீ. என்றால் 1,500 சுற்று. பல டன் எடையுள்ள பெரிய டர்பைன், ஜெனரேட்டர் ரோட்டார்களின் முதல் கிரிட்டிகல் ஸ்பீடு 3,000-க்குக் கீழேயே அமைந்துவிடுவதற்கு இதுதான் காரணம்.

அந்தப் புள்ளியைக் கடக்கும்போது ஒரு மாற்றம் நிகழ்கிறது. கீழான வேகங்களில் ரோட்டாரின் கனமான பக்கம் எதுவோ, அந்தப் பக்கமே தண்டு வெளியே வளைகிறது. கிரிட்டிகல் ஸ்பீடில் வளைவு கனமான பக்கத்துக்கு 90 பாகை பின்தங்குகிறது. அதைத் தாண்டியபின் பின்தங்கல் 180 பாகையை நெருங்குவதால், கனமான பக்கம் உட்புறமாகத் திரும்பி, ரோட்டார் தன் எடைமையத்தைச் சுற்றியே சுழலத் தொடங்குகிறது. அதன் பிறகு வேகம் எவ்வளவு கூடினாலும் தண்டின் அலைவு அந்த 8 மைக்ரான் அளவை ஒட்டியே நிற்கும், அடுத்த கிரிட்டிகல் ஸ்பீடு நெருங்கும் வரை. இந்த அமைதியை அறிவியல் உலகம் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. 1869-இல் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின், அந்த வேகத்துக்கு மேல் தண்டு நிலையாக ஓடவே முடியாது என்று எழுதினார். சுவீடனின் டி லாவல் மெல்லிய, வளையும் தண்டைப் பொருத்தித் தம் நீராவி டர்பைனை 30,000 சுற்றில் ஓட்டிக் காட்டினார். ஏன் அது சாத்தியம் என்பதை 1895-இல் ஜெர்மனியின் ஃபெப்பல் கணக்கில் நிறுவினார். 1919-இல் ஜெஃப்காட் தணிப்பையும், அதாவது அதிர்வின் ஆற்றலை உறிஞ்சி அடக்கும் தன்மையையும், சேர்த்து எழுதிய கட்டுரைக்குப் பிறகே அது பொறியாளர்களின் பொது அறிவாயிற்று.

அந்த வேகத்தில் நிற்கக் கூடாது என்பதன் காரணமும் தணிப்பில்தான் இருக்கிறது. கிரிட்டிகல் ஸ்பீடில் அலைவு எவ்வளவு பெருகும் என்பதை விறைப்பு (வளைவை எதிர்க்கும் தன்மை) தீர்மானிப்பதில்லை, தணிப்பு மட்டுமே தீர்மானிக்கிறது. தணிப்பு விகிதம் 5 விழுக்காடு என்றால் 8 மைக்ரான் விலகல் 80 மைக்ரான் அலைவாகும். 1 விழுக்காடு என்றால் 400 மைக்ரான். இந்த அளவுக்குப் பெருகுவதற்குப் பல சுற்றுகளாவது தேவைப்படும் என்பதால், விரைந்து கடந்துவிட்டால் அது முழு உயரத்தை எட்டுவதில்லை.

கேள்வி: கடந்த பின் அமைதியாகிவிடும் என்றால், விரைந்து கடந்துவிட்டுப் போகலாமே. கட்டுப்பாட்டுக் கருவிகள் எதற்கு? (பொறியியல் மாணவி, திருச்சி)

மேலே சொன்ன அமைதி, பாலன்ஸ் பிழையால் வரும் அதிர்வுக்கு மட்டுமே பொருந்தும். கிரிட்டிகல் ஸ்பீடுக்கு மேல் வேறொரு வகை அதிர்வு காத்திருக்கிறது. 1920-களில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில், ஊதுலைகளுக்குக் காற்றழுத்தும் கம்ப்ரசர்கள் காரணம் தெரியாமல் கடுமையாக அதிர்ந்தன. பாலன்சிங் செய்தும் பயனில்லை. ரோட்டார் தன் சுழற்சி வேகத்தில் அதிராமல் தன் இயல்பான அதிர்வெண்ணில் அதிர்ந்துகொண்டிருந்தது. 1924-இல் நியூகிர்க்கும் கிம்பலும் காட்டிய காரணம் வியப்பளிப்பது: தண்டின்மீது இறுக்கிப் பொருத்திய பாகங்களுக்கு இடையிலான உராய்வு, அதாவது தணிக்க வேண்டிய ஒன்றே, கிரிட்டிகல் ஸ்பீடுக்கு மேல் சுழற்சியின் ஆற்றலை எடுத்து அதிர்வுக்கு ஊட்டத் தொடங்கிவிடுகிறது. அடுத்த ஆண்டே நியூகிர்க்கும் டெய்லரும் எண்ணெய் பேரிங்குகளிலும் இதற்கு இணையான ஒன்றை விவரித்தார்கள். எண்ணெய்ப் படலம் தண்டின் வேகத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் சுற்றிவந்து தண்டையும் கூடவே இழுத்துச் சுற்றுகிறது. ஓடும் வேகம் கிரிட்டிகல் ஸ்பீடைப் போல இருமடங்கை நெருங்கும்போது அந்த இழுவை இயல்பான அதிர்வெண்ணோடு பூட்டிக்கொண்டு கட்டுக்கடங்காமல் வளர்கிறது.

சாயும் திண்டுகள் கொண்ட பேரிங்கும், பேரிங்கைச் சுற்றி எண்ணெய்ப் படலத்தை நசுக்கித் தணிக்கும் ஸ்குவீஸ் ஃபிலிம் டாம்பரும் இதற்கு நல்ல விடைகள். விமான எஞ்சின்கள் இன்றும் பின்னதை நம்பியே ஓடுகின்றன. ஆயினும் இவற்றின் தணிப்பு வடிவமைப்பு மேசையிலேயே முடிவாகிவிடுகிறது. எண்ணெய் சூடாகி இளகினாலும், வாயுவின் அடர்த்தி மாறினாலும், சீல்கள் தேய்ந்தாலும் அவை தம்மை மாற்றிக்கொள்வதில்லை. ஒவ்வொரு கணமும் தண்டு எங்கே இருக்கிறது என்று அளந்து, அதற்கேற்ற விசையைக் கணக்கிட்டுச் செலுத்துவதே செயல்முறைக் கட்டுப்பாடு (ஆக்டிவ் கண்ட்ரோல்). அந்த விசையைத் தர, மின்னழுத்தம் கொடுத்தால் நீளும் பீசோ படிகங்களையும், பேரிங்குக்குள் எண்ணெயை வேண்டும்போது பீய்ச்சும் வால்வுகளையும் ஆய்வகங்களில் பயன்படுத்தியிருக்கிறார்கள். தொழிற்சாலைத் தளத்தில் உண்மையாகவே வேரூன்றியது மின்காந்த பேரிங்தான்.

கேள்வி: எங்கள் வீட்டுச் சலவை இயந்திரத்தின் தொட்டி விளிம்பில் உள்ள வளையத்தை ஆட்டினால் உள்ளே ஏதோ நீர் அசையும் ஓசை கேட்கிறது. இதுவும் அதிர்வுக் கட்டுப்பாடுதானா? (வாசகி, மதுரை)

ஆம், ஆனால் அது அளவீடும் கணக்கும் இல்லாத வகை. அந்த வளையத்துக்குள் இருப்பது உப்புநீர். தொட்டி தன் கிரிட்டிகல் ஸ்பீடைத் தாண்டிச் சுழலும்போது சுழற்சியின் மையம் துணி குவிந்த பக்கமாக நகர்ந்துவிடுகிறது. அதனால் வளையத்தில் உள்ள நீர் எதிர்ப்பக்கமாகத் தேங்கி, துணியின் கனத்தைச் சரிக்கட்டுகிறது. வேகம் அந்த அளவை எட்டுவதற்கு முன் அதே நீர் கனமான பக்கமே சேரும். பிழியும் சுற்றின் தொடக்கத்தில் இயந்திரம் சிறிது நேரம் முரண்டுபிடிப்பதில் இதற்கும் பங்குண்டு.

கேள்வி: காந்தம் இரும்பை இழுத்து ஒட்டிக்கொள்ளத்தானே செய்யும்? பல நூறு கிலோ ரோட்டாரை எதிலும் ஒட்டாமல் நடுவில் எப்படி நிறுத்துகிறார்கள்? (வாசகர், யாழ்ப்பாணம்)

உங்கள் ஐயத்துக்கு 1842-லேயே ஒரு தேற்றம் உண்டு. நிலையான காந்தங்களை எப்படி அடுக்கினாலும் அவற்றால் மட்டுமே ஒரு பொருளை அந்தரத்தில் நிலையாக நிறுத்த முடியாது என்று ஏர்ன்ஷாவின் தேற்றம் வழியே அறிகிறோம். ஆகவே காந்தத்தின் வலிமையை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

தண்டைச் சுற்றி எதிரெதிராக மின்காந்தங்களை வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். காந்த முகத்துக்கும் தண்டுக்கும் இடையே 0.5 மி.மீ. இடைவெளி. இரண்டிலும் சம மின்னோட்டம் ஓடுகிறது, தண்டு சரியாக நடுவில் இருக்கிறது, இழுப்புகள் சமம். இப்போது தண்டு மேல்நோக்கி 0.1 மி.மீ. நகர்ந்துவிட்டால் மேல் இடைவெளி 0.4 ஆகிறது. இழுவிசை இடைவெளியின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால் மேல் காந்தத்தின் இழுப்பு 56 விழுக்காடு கூடுகிறது. கீழ் இடைவெளி 0.6 ஆகிவிட்டதால் கீழ் காந்தத்தின் இழுப்பு 31 விழுக்காடு குறைகிறது. தண்டை நடுவுக்குத் திருப்ப வேண்டிய அமைப்பு அதை மேலும் மேலே இழுக்கிறது. சாதாரண ஸ்பிரிங் செய்வதற்கு நேர் எதிரான இந்த நடத்தையைத்தான் எதிர்விறைப்பு என்கிறார்கள்.

கட்டுப்பாட்டுச் சுற்று இந்த எதிர்விறைப்பை வென்றாக வேண்டும். தண்டைத் தொடாமல் அதன் இருப்பிடத்தை மைக்ரான் அளவில் படிக்கும் சென்சார்கள், அந்த எண்களை வினாடிக்குப் பத்தாயிரம் முறைக்குக் குறையாமல் வாங்கிக் கணக்கிடும் சிறு கணினி, அதன் கட்டளைப்படி காந்தச் சுருள்களுக்கு மின்னோட்டத்தை ஏற்றி இறக்கும் பவர் ஆம்ப்ளிஃபையர்கள் ஆகியவை இதில் அடங்கும். தண்டு மேலே போனால் மேல் காந்தத்தின் மின்னோட்டம் குறைக்கப்படுகிறது, கீழ் காந்தத்தில் கூட்டப்படுகிறது. இடப்பெயர்ச்சிக்கு ஏற்ற விசை விறைப்பையும், நகரும் வேகத்துக்கு ஏற்ற விசை தணிப்பையும் தருகின்றன. எண்ணெய் பேரிங்கில் உலோகமும் எண்ணெயும் தீர்மானித்த இந்த இரண்டு எண்களும் இங்கே மென்பொருளில் எழுதி மாற்றக்கூடியவை.

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜெஸ்ஸி பீம்ஸ் 1930-களிலேயே சிறு ரோட்டார்களை இவ்வாறு தொங்கவிட்டுச் சுழற்றினார். வணிக அளவில் 1976-இல் பிரான்சில் எஸ்2எம் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1985-இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் எரிவாயுக் குழாய்வழிக் கம்ப்ரசர் ஒன்று காந்த பேரிங்குகளில் ஓடத் தொடங்கியது. 2015-இல் நார்வேயின் ஆஸ்கார்ட் எரிவாயு வயலில், கடலுக்கடியில் ஏறத்தாழ 300 மீட்டர் ஆழத்தில், 11.5 மெகாவாட் கம்ப்ரசர்கள் இதே முறையில் இயங்கத் தொடங்கின. எண்ணெய்த் தொட்டியும் பம்ப்பும் வடிகட்டியும் வைத்துப் பராமரிக்கவே முடியாத இடம் அது.

கேள்வி: மென்பொருளில் மாற்றலாம் என்றால் விறைப்பையும் தணிப்பையும் மிக அதிகமாக வைத்துவிட்டால் அதிர்வே இருக்காதே? (மின்னணுப் பொறியாளர், சென்னை)

இந்தத் துறைக்குள் நுழையும் பலரும் முதலில் கேட்பது இதுதான். இதற்கான விடையில்தான் வளையும் ரோட்டாரின் உண்மையான சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று நான் கருதுவதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விசையின் அளவைவிட அது செலுத்தப்படும் நேரம் முக்கியம். ஊஞ்சலை நிறுத்த நினைப்பவர் கைவைக்கும் நேரம் சற்றுப் பிந்தினால், அவர் அதை மேலும் ஆட்டிவிடுவார். சென்சார் படிப்பது, கணினி கணக்கிடுவது, சுருளில் மின்னோட்டம் ஏறுவது எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து 100 மைக்ரோவினாடி தாமதம் என்று வைத்துக்கொள்வோம். தண்டின் முதல் அதிர்வு 100 ஹெர்ட்ஸ் என்றால் இந்தத் தாமதம் வெறும் 3.6 பாகைதான்; அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் வளையும் தண்டுக்கு ஒரே ஒரு அதிர்வு வடிவம் மட்டும் இருப்பதில்லை. வில் போல வளைவது ஒன்று, எஸ் வடிவில் வளைவது ஒன்று, அதற்கு மேல் மூன்று வளைவு, நான்கு வளைவு என்று தொடர்ந்துகொண்டே போகும். 1,000 ஹெர்ட்ஸில் உள்ள வடிவத்துக்கு அதே தாமதம் 36 பாகை. 2,500 ஹெர்ட்ஸுக்கு அது 90 பாகையாகி, தணிப்பதற்கென்று கணக்கிட்ட விசையில் தணிப்பு சிறிதும் மிஞ்சுவதில்லை. அதற்கும் மேலே கட்டுப்பாடே அதிர்வை ஊட்டத் தொடங்குகிறது. பெருக்கத்தை, அதாவது அளந்த அசைவுக்கு எவ்வளவு விசை தருவது என்ற எண்ணை, நீங்கள் எவ்வளவு கூட்டுகிறீர்களோ அவ்வளவு வலுவாக ஊட்டும். இயந்திரம் சுழலாமல் நின்றுகொண்டிருக்கும்போதே, வெறுமனே தூக்கி நிறுத்தப்பட்ட ரோட்டாரிலிருந்து கூர்மையான கீச்சொலி ஒன்று எழுவதைக் காந்த பேரிங்கைச் சோதித்துப் பார்த்தவர்கள் கேட்டிருப்பார்கள். உயர்ந்த வளைவு வடிவம் ஒன்றைக் கட்டுப்பாடே கிளப்பிவிட்டதன் ஓசை அது.

இரண்டாவது தடை இடம் சார்ந்தது. காந்தம் இருக்கும் இடத்திலேயே சென்சாரையும் வைக்க முடிவதில்லை. சில சென்டிமீட்டர் தள்ளித்தான் வைக்க முடியும். ஒவ்வொரு வளைவு வடிவத்திலும் தண்டு அசையாமல் நிற்கும் கணுப்புள்ளிகள் உண்டு. அப்படியொரு கணு சென்சாருக்கும் காந்தத்துக்கும் நடுவில் அமைந்துவிட்டால், சென்சார் இருக்கும் இடத்தில் தண்டு மேலே போகும் அதே கணத்தில் காந்தத்தின் அடியில் அது கீழே போகிறது. கணினி நேர்மையாகத் தன் கணக்கைச் செய்து, முற்றிலும் தவறான திசையில் தள்ளும். இதை எந்தப் பெருக்கமும் திருத்தாது. தண்டின் வடிவத்தை வரையும் நாளிலேயே கணுக்கள் எங்கே விழும் என்று பார்த்து, சென்சாரின் இடத்தை முடிவு செய்ய வேண்டும். இயந்திர வடிவமைப்பாளரும் கட்டுப்பாட்டுப் பொறியாளரும் முதல் வாரத்திலிருந்தே ஒரே அறையில் அமர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மூன்றாவது, ரோட்டார் சுழலத் தொடங்கியதும் அதன் அதிர்வெண்களே இடம் மாறுகின்றன. பெரிய சக்கரங்களைத் தாங்கிய தண்டில் பம்பர விளைவால் ஒவ்வொரு வடிவமும் இரண்டாகப் பிரிகிறது. சுழலும் திசையிலேயே சுற்றிவரும் அதிர்வின் அதிர்வெண் வேகத்தோடு ஏறுகிறது. எதிர்த்திசையில் சுற்றிவருவதன் அதிர்வெண் இறங்குகிறது. நின்ற நிலையில் துல்லியமாகச் சரிசெய்த கட்டுப்பாடு, 20,000 சுற்றில் வேறொரு இயந்திரத்தைச் சந்திக்கிறது. எனவே வேகத்துக்கு ஏற்பத் தன் எண்களை மாற்றிக்கொள்ளும் கட்டுப்பாட்டையோ, இந்த மாற்றங்கள் முழுவதையும் பொறுத்துக்கொள்ளும் உறுதியான கட்டுப்பாட்டையோ எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளும் திறனை அளக்கவும் வழி உண்டு. ஓடும் சுற்றுக்குள் சிறு சோதனை அதிர்வைப் புகுத்தி, எந்த அதிர்வெண்ணில் அது எத்தனை மடங்கு பெருகுகிறது என்று பார்ப்பார்கள். ஐஎஸ்ஓ 14839 தரநிலையின் மூன்றாம் பகுதி, புதிய இயந்திரத்தில் அந்தப் பெருக்கம் 3 மடங்குக்குள் இருக்க வேண்டும் என்கிறது. விலைக்கு வாங்குபவர் விற்பவரிடம் கேட்டுப் பெற வேண்டிய முதல் வரைபடம் இதுவே.

கேள்வி: பாலன்ஸ் பிழை ஒவ்வொரு சுற்றிலும் தண்டைத் தள்ளுகிறது. காந்தங்கள் அதற்குச் சமமான எதிர்விசையைத் தந்து தண்டை நடுவிலேயே பிடித்து வைப்பதுதானே முறை? (வாசகர், பெங்களூரு)

அப்படிச் செய்யவும் முடியும், செய்யாமல் விடவும் முடியும். எது தேவை என்பது இயந்திரத்தின் வேலையைப் பொறுத்தது. அதிவேக அரைக்கும் இயந்திரத்தின் ஸ்பிண்டிலில் (கருவியைச் சுழற்றும் தண்டில்) கருவியின் நுனி மைக்ரான் பிசகக் கூடாது. அங்கே வடிவ நடுக்கோட்டைப் பிடித்து நிறுத்துவதற்காகக் காந்தங்கள் முழு விசையையும் செலவிடுவது நியாயம். ஆனால் அந்த விசை முழுவதும் இயந்திரத்தின் உடலுக்கும் அடித்தளத்துக்கும் போகும்.

கம்ப்ரசரிலும் வெற்றிட பம்ப்பிலும் நடுக்கோடு 5 மைக்ரான் நகர்ந்தால் யாருக்கும் நட்டமில்லை. முதல் பதிலில் சொன்னதுபோல், கிரிட்டிகல் ஸ்பீடுக்கு மேல் ரோட்டார் தன் எடைமையத்தைச் சுற்றிச் சுழலவே விரும்புகிறது. சென்சார் தரும் அளவிலிருந்து, சுழற்சி வேகத்தோடு ஒத்த பகுதியை மட்டும் வடிகட்டி நீக்கிவிட்டால், கட்டுப்பாடு அந்த அலைவைக் காண்பதே இல்லை, எதிர்க்காமல் விட்டுவிடுகிறது. மின்னோட்டம் குறைகிறது, சுருள்கள் குளிர்கின்றன, உடலுக்குப் போகும் அதிர்வு பெருமளவு அடங்கிவிடுகிறது. மின்னணுச் சில்லு தயாரிக்கும் ஆலைகளில் டர்போ மூலக்கூறு பம்ப்புகள் என்னும் வெற்றிட பம்ப்புகள் நுண்ணிய கருவிகளின் அருகிலேயே ஓட முடிவது இந்த உத்தியால்தான். இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுவே.

ஆனால் கிரிட்டிகல் ஸ்பீடைக் கடக்கும் அந்தச் சில வினாடிகளில் இந்த வடிகட்டியை நிறுத்தியே வைக்க வேண்டும். அங்கே தணிப்பு முழுவதும் தேவை. அதை விலக்கிவிட்டால் ரோட்டார், அவசரத்துக்கென வைத்திருக்கும் காப்பு பேரிங்கில் இடித்துவிடும்.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டால்? (வாசகர், கொழும்பு)

காந்த இடைவெளியில் பாதி அளவே இடைவெளி விட்டு, தண்டைச் சுற்றி ஒரு சாதாரணப் பந்து பேரிங் வைத்திருப்பார்கள். தூக்குவிசை போனால் ரோட்டார் காந்தத்தில் மோதாமல் அதன்மேல் இறங்கும். பந்து பேரிங்கின் உள்வளையம் நின்ற நிலையிலிருந்து கணப்பொழுதில் ரோட்டாரின் வேகத்தை எட்ட வேண்டும். அது தயங்கினால் உராய்வு தண்டைப் பின்னோக்கிச் சுற்றிவரச் செய்யும். அந்தச் சுற்றலின் விசை ரோட்டாரின் எடையைப் போலப் பல மடங்காகிவிடும். எனவே இந்தக் காப்பு பேரிங்குகள் குறிப்பிட்ட சில இறக்கங்களுக்கு மட்டுமே உத்தரவாதம் பெற்றவை. நடைமுறையில் பேட்டரி அந்த நிலைக்கு வரவிடுவதில்லை. குளிரூட்டும் ஆலைகளில் உள்ள காந்த பேரிங் கம்ப்ரசர்கள் சிலவற்றில், மின்சாரம் நின்றதும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, ரோட்டாரின் சுழற்சியிலிருந்து மின்சாரம் எடுத்து, அது மெல்ல நிற்கும் வரை காந்தங்களுக்கு ஊட்டுகிறது.

கேள்வி: நரோரா அணுமின் நிலைய விபத்தின்போது இத்தகைய கட்டுப்பாடு இருந்திருந்தால் டர்பைன் தப்பியிருக்குமா? (ஓய்வுபெற்ற பொறியாளர், கல்பாக்கம்)

தப்பியிருக்காது என்பதே என் முடிவு. 1993 மார்ச் 31 அன்று உத்தரப் பிரதேசத்தின் நரோரா நிலைய முதல் அலகில், குறைந்த அழுத்த டர்பைனின் கடைசி வரிசை இறக்கைகளில் 2 முறிந்தன. அதனால் எழுந்த கடும் அதிர்வில் ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜனை அடைத்து வைக்கும் சீல்கள் சிதைந்து, ஹைட்ரஜன் தீப்பற்றி, தீ கேபிள்களில் பரவி, நிலையம் சுமார் 17 மணி நேரம் மின்சாரமே இல்லாமல் கிடந்தது.

1 மீட்டர் ஆரத்திலிருந்து 1 கிலோ எடை மட்டும் உதிர்ந்தால்கூட, 3,000 சுற்றில் அதன் விளைவு 10 டன் எடைக்குச் சமமான சுழலும் விசை. மின்காந்தமோ இரும்பின் செறிவு எல்லைக்குள் கட்டுண்டது. 1.5 டெஸ்லா காந்தப்புலத்தில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 9 கிலோ எடையளவே இழுக்க முடியும். அதிலும் பெரும்பகுதி ரோட்டாரைத் தாங்குவதற்கே செலவாகிவிடும். மிச்சமிருப்பதை வினாடிக்கு 50 முறை திசை மாற்றித் தரச் சுருள்களின் மின்னழுத்தமும் போதாது. இறக்கை முறிவை எதிர்கொள்ள வேண்டியது இறக்கையின் வேர் வடிவமைப்பும், விரிசல் சோதனையும், அதிர்வு கண்ட மறுகணம் நிறுத்தும் ட்ரிப் அமைப்பும், கேபிள்களைத் தனித்தனிப் பாதையில் பிரித்துப் போடுவதும்தான்.

கேள்வி: எங்கள் ஆலையின் பெரிய ஊதுவிசிறி ஓயாமல் அதிர்கிறது. இதற்கும் இம்முறை உதவுமா? (ஆலை உரிமையாளர், ஈரோடு)

உதவாது, பணத்தை வீணாக்க வேண்டாம். விசிறியின் இறக்கைகளில் தூசு படிந்திருக்கிறதா, அடித்தள போல்ட்டுகள் இறுக்கமாக உள்ளனவா, மோட்டாரும் விசிறியும் அலைன்மென்ட்டில் உள்ளனவா என்று பார்த்துவிட்டு, விசிறியை இருக்கும் இடத்திலேயே பாலன்சிங் செய்யச் சொல்லுங்கள். செயல்முறைக் கட்டுப்பாடு பொருத்தினால் அதிர்வு திரையில் குறைந்து தெரியும். தளர்ந்த போல்ட் அப்படியே இருக்கும். உங்களைப் போன்ற ஆலைகளில் ஓடும்போதே திருத்துவது பயன்படும் ஓர் இடம் உண்டு: அரைக்கும் இயந்திரம். அரைசக்கரம் தேயத் தேய அதன் பாலன்ஸ் மாறிக்கொண்டே இருப்பதால், ஸ்பிண்டிலுக்குள் இரண்டு சிறு எடைகளை மோட்டாரால் நகர்த்தித் தானாகவே சரிசெய்யும் தலைகள் கடைகளிலேயே கிடைக்கின்றன.

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் இதைச் சிறிய அளவில் செய்து பார்க்க விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்குவது? (மாணவர் குழு, கோயம்புத்தூர்)

10 மி.மீ. விட்டமுள்ள எஃகுத் தண்டை 500 மி.மீ. இடைவெளியில் இரண்டு பந்து பேரிங்குகளில் பொருத்தி, நடுவில் 1 கிலோ வட்டை இறுக்குங்கள். தண்டின் எடையைக் கணக்கில் எடுக்காவிட்டால் கிரிட்டிகல் ஸ்பீடு 1,850 சுற்று என்று வரும். தண்டின் எடையையும் சேர்த்தால் 1,730 அளவுக்கு இறங்கும். வேகம் மாற்றக்கூடிய சிறு மோட்டாரால் 3,000 சுற்று வரை ஏற்றினால் கடப்பதைத் தெளிவாகக் காணலாம்.

வட்டுக்கு அருகில் 90 பாகை இடைவெளியில் இரண்டு தொடாத சென்சார்களையும், தண்டில் ஒட்டிய ஒளிர்பட்டையைச் சுற்றுக்கு ஒருமுறை படிக்கும் மூன்றாவது சென்சாரையும் வையுங்கள். மூன்றாவது இல்லாமல் கோணம் தெரியாது, கோணம் தெரியாமல் அடுத்துச் சொல்லும் வரைபடத்தை வரைய முடியாது. முதலில் காந்தம் எதையும் பொருத்தாமல், அலைவின் அளவும் கோணமும் வேகத்தோடு எப்படி மாறுகின்றன என்று வரைந்து, 1,730 அருகே கோணம் 90-ஐக் கடப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். அதன்பின் வட்டின் விளிம்பில் சில கிராம் எடையை ஒட்டி, வரைபடம் எதிர்பார்த்தபடி மாறுகிறதா என்று பாருங்கள். இந்த இரண்டும் சரியாக வந்த பிறகே வட்டுக்கு அருகில் எதிரெதிராக மின்காந்தங்களை வைத்து, பேரிங்குகள் எடையைத் தாங்கட்டும் என்று விட்டுவிட்டு, காந்தங்களுக்குத் தணிப்பு வேலையை மட்டும் கொடுங்கள். விறைப்புக்கான பெருக்கத்தைச் சுழியில் வைத்து, வேகத்துக்கான பெருக்கத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினால், கிரிட்டிகல் ஸ்பீடின் உச்சி ஒவ்வொரு முறையும் தாழ்வதைக் காண்பீர்கள். ஓரளவுக்கு மேல் கூட்டினால் கீச்சொலி தொடங்கும்; அந்த இடத்தின் அதிர்வெண்ணைக் குறித்துக்கொண்டால் உங்கள் சுற்றின் தாமதத்தை ஏறத்தாழக் கணிக்கலாம்.

மோட்டாரை இயக்குவதற்கு முன் வட்டைச் சுற்றிக் குறைந்தது 5 மி.மீ. தடிமனுள்ள எஃகு உறை போட்டு, அதைத் தண்டின் சட்டத்தோடு இணைக்காமல் மேசையோடு தனியாக போல்ட் செய்யுங்கள். கிரிட்டிகல் ஸ்பீடைக் கடக்கும் வேளையில் யாரும் வட்டின் தளத்துக்கு நேராக நிற்கக் கூடாது.